கடுகின் பிறந்த வீடு

இரவு மணி இரண்டு பத்து. ஹோலிஹெட் துறைமுகம்.
தகரக் கொட்டகைக்குள் ஒரு ஹீட்டர், ஒரு கணினி, நான்.
வெளியே மழையைச் சாய்த்து அடிக்கிறது காற்று.
டப்ளின் கப்பல் இறக்கிவிட்ட லாரிகளில்
நாற்பத்தொன்று போய்விட்டன.
ஒன்று மட்டும் நிற்கிறது

கடுகுக்காக.

பன்னிரண்டு பெட்டி, அரைத்த கடுகு.
இருநூற்றுப் பதினாலு வரிப் பட்டியலில்
நூற்று எண்பத்தேழாவது வரி.
மற்றதெல்லாம் ஒழுங்காக வாக்குமூலம் கொடுத்துவிட்டன:
வெண்ணெய் தன் பண்ணையைச் சொன்னது,
ஆரஞ்சு தன் தோப்பைச் சொன்னது,
நாய்த் தீனிகூட
கால்நடை மருத்துவர் கையெழுத்தோடு வந்திருக்கிறது.
கடுகு மட்டும் வாய் திறக்கவில்லை.

விளைந்தது கனடாவில்.
அரைத்தது பிரான்சில்.
ஜாடியில் அடைத்து மூடி திருகியது அயர்லாந்தில்.
திரை கேட்கிறது: பிறப்பிடம்?
ஒரே ஒரு கட்டம்.
இரண்டே எழுத்துக்கு இடம்.

முன்பெல்லாம் இதைக் கேட்க ஆளில்லை.
முன்பு நான் இதே கப்பலில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
சர்க்கரை எத்தனை
என்பதுதான் நான் கேட்ட பெரிய கேள்வி.
நாடு விலகியது; என் சம்பளம் உயர்ந்தது,
மணிக்கு மூன்று பவுண்டு.
இதை யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை.

அந்த மூன்று பவுண்டு எங்கே போகிறது என்பது
கடையில் தெரியும்.
பிஸ்கட் விலை ஏறவில்லை, பொட்டலம் இளைத்துவிட்டது;
கடைசி இரண்டு பிஸ்கட் இருந்த இடத்தில் காற்று.
ஒரு பிப்ரவரியில் தக்காளி வராத தட்டில்
தக்காளிப் படம் அச்சிட்ட அட்டையை நிறுத்தியிருந்தார்கள்.
எம்ரிஸ் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.
விலகலாம் என்று பென்சிலால் குறி போட்டவன், என் கணவன்.
நான் எங்கே போட்டேன் என்று அவன் கேட்டதில்லை.
"நல்லாத்தான் பழுத்திருக்கு" என்றான்.
அந்த விஷயத்துக்காக நாங்கள் சேர்ந்து சிரித்தது
அந்த ஒரு முறைதான்.

ஃபின்டன் கதவைத் தட்டுகிறான்.
தொப்பி விளிம்பில் நீர் சொட்டுகிறது.
ஆறு மணிக்குள் ஸ்டோக் கிடங்கில் இறக்கவில்லையென்றால்
மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவார்கள்.
"இன்னும் எவ்வளவு நேரம், நெரிஸ்?"
"கடுகு எந்த ஊர் என்று தெரிய வேண்டும்."
"நக்கிப் பார்த்துச் சொல்லட்டுமா?"

விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறேன்.
சும்மா தங்கிப் போனால் ஊர் மாறாது.
பெட்டி மாற்றினாலும் மாறாது.
உருத்தெரியாமல் அரைபட்டிருக்க வேண்டும்,
அப்போதுதான் புகுந்த வீடு பிறந்த வீடு ஆகும்.
எவ்வளவு அரைபட்டால் போதும்?
அடிக்குறிப்பு இன்னொரு அடிக்குறிப்பைக் காட்டுகிறது.
தொலைபேசியில் அரை மணியாகப் புல்லாங்குழல்.
பதில் தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் தூங்குகிறார்கள்.

மூன்று ஐம்பதுக்கு
பிரான்சின் இரண்டெழுத்தைத் தட்டினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
சரியா தவறா என்று இன்றுவரை எவரும் கேட்கவில்லை.
லாரி என் கொட்டகையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனது;
மேசையில் அவன் கையுறை ஒன்று, ஈரமாக.

காலையில் வீடு. ரொட்டி, பன்றிக்கறி,
அலமாரியில் எங்கள் கடுகு ஜாடி.
வாங்கி ஒரு வருடம் இருக்கும்,
ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.
பின்பக்கம் பொடி எழுத்தில்:
பல நாடுகளின் விளைபொருள்.
கட்டம் இல்லை, கேள்வி இல்லை.
மூடியில் விலைச் சீட்டு. நகத்தால் கிள்ளினேன்.
அதன் அடியில் இன்னொரு சீட்டு.
அதற்கும் அடியில் இன்னொன்றின் பசை.

"என்ன தேடுறே?"
"ஒண்ணுமில்லை."

எம்ரிஸ் இப்போதெல்லாம்
கத்தி நுனி அளவுதான் தடவுகிறான்.
காரம் போதுமா என்று நான் கேட்கவில்லை.